தொட்ட சொல்லுக்குக் கீழே பொருள்: ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பெட்டியை நிறுத்திய அனுபவம்

பழைய பாடல்களைப் படிப்பதற்கென்று ஒரு பக்கம் செய்தேன். பாடலில் உள்ள அருஞ்சொல்லைத் தொட்டால் அதன் பொருள் ஒரு சிறு பெட்டியில் அந்தச் சொல்லுக்கு நேர் கீழே விரிய வேண்டும். கீழே இடமில்லை என்றால் மேலே போக வேண்டும். திரையின் ஓரத்தைத் தாண்டக் கூடாது. கேட்டது இவ்வளவுதான். இப்போது அது கைபேசியிலும் மடிக்கணினியிலும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. வழியில் மாட்டிய ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். மாட்டியதெல்லாம் ஏறக்குறைய ஒரே இடம்தான்: 'மேலிருந்து 120 பிக்சல்' என்று பிரவுசரிடம் சொல்கிறோமே, அந்த 'மேல்' எதனுடைய மேல் என்பது.

பாடல்களுக்குப் பொருள் எழுதித் தந்தவர் என் பெரியம்மா. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எக்செல் தாளில் சொல், பொருள், குறிப்பு என்று மூன்று பத்தியாக அடித்து அனுப்புவார். நான் அதைப் படித்து, பாடலில் வரும் ஒவ்வொரு அருஞ்சொல்லையும் ஒரு ஸ்பான் குறிக்குள் போட்டு, பொருளை அதன் டேட்டா பண்பில் வைக்கும் சின்ன நிரல் ஒன்று எழுதிக்கொண்டேன். பெட்டி பக்கம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. எந்தச் சொல்லைத் தொடுகிறார்களோ அதற்குரிய பொருள் உள்ளே வரும், பெட்டி அங்கே நகரும். சொல்லுக்கு ஒரு பெட்டி என்று வைத்தால் பக்கம் வீணாகக் கனக்கும்.

கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும். சோதனைக்கென்று பழைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் திரை அகலம் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) கணக்கில் 360 பிக்சல், நம்மூரில் பலர் கையில் இருக்கும் அளவு. கைபேசியையும் மடிக்கணினியையும் இணைக்க ஒரு கேபிள், 180 ரூபாய். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் இந்த வேலை நடக்காது, டேட்டாவும் போகிற கேபிள் வேண்டும். கைபேசியின் செட்டிங்ஸில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அங்கே யுஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டுவிட்டால், கைபேசியில் ஓடும் பக்கத்தை மடிக்கணினி குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்திலிருந்தே பிரித்துப் பார்க்கலாம். மடிக்கணினியில் கைபேசி அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். விரலால் பெரிதாக்கும்போது நடப்பதை அது எனக்குக் காட்டவில்லை. பக்கத்தை வைத்திருக்கும் இடம் இலவசம், ஆகவே செலவு இவ்வளவோடு முடிந்தது.

இன்னொரு கருவியை நானே செய்தேன். எந்த எலிமென்டின் (பக்கத்தில் உள்ள ஓர் உறுப்பின்) அளவைக் கேட்டாலும் அந்த எண்களை வைத்துத் திரையில் ஒரு சிவப்புச் சட்டம் போடும் பத்து வரி ஃபங்ஷன். எண்ணை மட்டும் கன்சோலில் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பு எங்கே என்று தெரியாது. சட்டத்தைப் பார்த்தால் உடனே தெரியும். அந்தச் சட்டத்தை பார்டரில் போடாமல் அவுட்லைனில் போடுங்கள். பார்டர் தானே இடம் பிடித்து அளவை மாற்றிவிடும், அவுட்லைன் மாற்றாது.

முதல் படி சுலபம். பெட்டிக்கு பொசிஷன் அப்சொல்யூட், அதாவது மற்றவற்றின் வரிசையில் சேராமல் சொன்ன இடத்தில் நிற்பது. ஜாவாஸ்கிரிப்டில் அதன் ஸ்டைலில் டாப், லெஃப்ட் இரண்டுக்கும் எண் கொடுப்பது. இங்கே புதிதாக வருகிறவர்கள் நிற்கும் இடம் ஒன்று உண்டு. வெறும் 120 என்று கொடுத்தால் எதுவும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. 120-க்குப் பின்னால் 'பிஎக்ஸ்' என்ற அலகையும் ஒட்டிச் சரமாகக் கொடுக்க வேண்டும். அலகில்லாத நீளத்தை பிரவுசர் பேசாமல் தள்ளிவிடும், பூஜ்யம் மட்டும் விதிவிலக்கு.

சரி, எந்த எண்ணைக் கொடுப்பது? பல பழைய பாடங்களில் இருக்கும் வழியில்தான் தொடங்கினேன். சொல்லின் 'ஆஃப்செட் டாப்', 'ஆஃப்செட் லெஃப்ட்' இரண்டையும் எடுத்து, சொல்லின் உயரத்தைக் கூட்டிப் பெட்டிக்குக் கொடுப்பது. ஒரே ஒரு பாடல் இருந்த சோதனைப் பக்கத்தில் இது அழகாக வேலை செய்தது. ஒவ்வொரு பாடலையும் தனி அட்டையாக வைத்து, அட்டையின் மூலையில் திணையின் பெயரை ஒட்டுவதற்காக அட்டைக்கு பொசிஷன் ரிலேட்டிவ் கொடுத்ததும் எல்லாம் குலைந்தது. எந்தப் பாடலில் தொட்டாலும் பெட்டி பக்கத்தின் தலைப்பகுதியிலேயே வந்து நின்றது. பெரியம்மா தொலைபேசியில் சொன்னார்: "பொருள் சரியா இருக்கு தம்பி, ஆனா பெட்டி வேற பாட்டுக்குக் கீழ நிக்குது."

காரணம் இது. ஆஃப்செட் டாப் பக்கத்தின் உச்சியிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த எலிமென்டின் 'ஆஃப்செட் பேரன்ட்' என்கிற மூதாதையிலிருந்து எண்ணப்படுகிறது. மேல்நோக்கிப் போகும்போது முதலில் அகப்படும், பொசிஷன் கொடுக்கப்பட்ட மூதாதை அது. அப்படி ஒன்றும் இல்லாவிட்டால், பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் அடக்கிய பாடி. நடுவில் அட்டவணை இருந்தால் அதன் செல்லே கூட அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். என் அட்டைக்கு ரிலேட்டிவ் வந்ததும் சொற்கள் எல்லாம் அட்டையின் மூலையிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டன. பெட்டியோ பாடியின் பிள்ளையாக வெளியே இருந்தது. ஒரு கணக்கில் அளந்ததை இன்னொரு கணக்கில் வைத்தால் வேறென்ன ஆகும்?

இதற்கு ஒரு பழைய தீர்வு உண்டு. ஆஃப்செட் பேரன்ட்டிலிருந்து அதன் ஆஃப்செட் பேரன்ட்டுக்கு, அங்கிருந்து அதற்கும் மேலே என்று ஏறிக்கொண்டே போய் எல்லா எண்களையும் கூட்டுவது. ஒரு காலத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். எழுதிப் பார்த்தேன், வேலை செய்தது. ஆனால் ஆஃப்செட் எண்கள் அருகிலுள்ள முழு எண்ணாக்கப்பட்டு வரும். எழுத்து அளவை ரெம்மில் (அடிப்படை எழுத்து அளவின் மடங்காக) வைத்த பக்கத்தில், இப்படி விடுபடும் பின்னங்களின் பிழை ஏணி நெடுகச் சேர்ந்துகொண்டே போகும். நடுவில் எங்காவது ஸ்க்ரோல் ஆகும் பெட்டி இருந்தாலோ டிரான்ஸ்ஃபார்ம் (எலிமென்டை நகர்த்தும், சுழற்றும் சிஎஸ்எஸ் பண்பு) இருந்தாலோ இந்தக் கணக்குக்கு அது தெரியவே தெரியாது. விட்டுவிட்டேன்.

அடுத்து 'கெட் பவுண்டிங் கிளையன்ட் ரெக்ட்'. சுருக்கமாக ரெக்ட் என்கிறேன். இது முதலில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் 2008-இல், 3-ஆம் பதிப்பில் வந்தது. மூதாதை யாராக இருந்தாலும் கவலைப்படாமல், இப்போது கண்ணுக்குத் தெரியும் சாளரத்தின் இடது மேல் மூலையிலிருந்து எண்ணித் தரும். பின்னங்களோடு தரும். டிரான்ஸ்ஃபார்ம், ஸ்க்ரோல் எல்லாம் முடிந்த பிறகு எலிமென்ட் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைத் தரும். பக்கத்தின் உச்சியிலிருந்து வேண்டும் என்றால் ஸ்க்ரோல் ஆகியிருக்கும் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். அப்படியே செய்தேன். பெட்டி சரியான சொல்லுக்கு வந்தது. ஆனால் ஒட்டவில்லை. எல்லாச் சொல்லுக்கும் வலப்பக்கம் கொஞ்சம், கீழே கொஞ்சம் தள்ளியே நின்றது.

இந்த இடத்தில்தான் சிவப்புச் சட்டம் காப்பாற்றியது. சொல்லின் ரெக்ட்டுக்கு ஒரு சட்டம், பெட்டியின் ரெக்ட்டுக்கு ஒரு சட்டம் போட்டு வித்தியாசத்தை எடுத்தேன். வலப்பக்கம் 8. கீழே 21.44. எங்கே தொட்டாலும் அதே இரண்டு எண். 8 என்பது பாடிக்கு பிரவுசர் தானாகத் தரும் ஓர இடைவெளி, அது உடனே புரிந்தது. 21.44-க்குச் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. பக்கத்தின் முதல் வரி ஹெச்1 தலைப்பு. அதன் இயல்பான எழுத்து அளவு 32 பிக்சல், மேல் இடைவெளி அதில் 0.67 மடங்கு. பெருக்கினால் 21.44. தலைப்பின் மேல் இடைவெளியும் பாடியின் மேல் இடைவெளியும் ஒன்றோடொன்று மடிந்து, பெரியது மட்டும் மிஞ்சும். அதனால் பாடியே 21.44 பிக்சல் கீழிறங்கித் தொடங்குகிறது. ஒரு பின்னணி அலங்காரத்துக்காக பாடிக்கும் ரிலேட்டிவ் கொடுத்திருந்தேன். ஆகவே பெட்டியின் எண்ணிக்கை பக்கத்தின் உச்சியிலிருந்து தொடங்காமல் பாடியின் மூலையிலிருந்து தொடங்கியது.

இதைப் போன்ற இடத்தில் பலர் 8-ஐயும் 21-ஐயும் கழித்து ஒப்பேற்றிவிடுவார்கள். தலைப்பின் எழுத்து அளவை மாற்றிய அன்றே அது உடையும். நிலையான வழி, சொல்லின் ரெக்ட்டை எடுப்பது, பெட்டி எதை வைத்து எண்ணுகிறதோ அந்த எலிமென்டின் ரெக்ட்டையும் அதே நொடியில் எடுப்பது, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது. இரண்டும் ஒரே மூலையிலிருந்து வந்தவை என்பதால் ஸ்க்ரோல் எண்ணைத் தேடிப் போக வேண்டாம். அந்த மூதாதைக்கு பார்டர் இருந்தால் அதன் தடிமனையும் கழிக்க வேண்டும். அதுவே ஸ்க்ரோல் ஆகும் பெட்டியாக இருந்தால் அதன் ஸ்க்ரோல் டாப்பைக் கூட்ட வேண்டும். இந்த நான்கு வரிக் கணக்கு இருந்தால் எந்தப் பக்கத்திலும் எதையும் எதன் மேலும் வைக்கலாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அடுத்தது பெட்டியின் அகலம். சொல்லின் நடுவுக்கு நேராகப் பெட்டியின் நடு வர வேண்டும் என்றால் பெட்டியின் அகலம் தெரிய வேண்டும். டிஸ்ப்ளே நன் என்று மறைத்திருக்கும் பெட்டியை அளந்தால் பூஜ்யம்தான் வரும். காட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்று ஒரு கணம் தெரியுமோ என்ற பயம் வேண்டாம். காட்டுவது, அளப்பது, நகர்த்துவது மூன்றும் ஒரே ஃபங்ஷனுக்குள் நடந்தால், அது முடிந்த பிறகுதான் பிரவுசர் திரையில் வரையும்.

இதைவிடக் குழப்பியது வேறு. ஒரே சொல்லை அடுத்தடுத்துத் தொட்டால் பெட்டி ஒரு முறை அகலமாகவும் மறுமுறை ஒல்லியாகவும் வந்தது. அப்சொல்யூட் பெட்டிக்கு அகலம் சொல்லாவிட்டால், தனக்கு வலப்பக்கம் மிச்சமிருக்கும் இடத்துக்குள் அது சுருங்கிக்கொள்ளும். போன முறை வலது ஓரத்தில் நின்றிருந்தால், அங்கே நின்றபடியே புதிய பொருளை வாங்கி, நெருக்கடியில் நாலு வரியாக மடிந்துவிடும். நான் அந்த ஒல்லி அகலத்தை அளந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தீர்வு இரண்டு பகுதி. அகலத்துக்கு 'மேக்ஸ் கன்டென்ட்' (உரை மடியாமல் நிற்கத் தேவையான அகலம்), அதிகபட்சம் 280 பிக்சல். அதோடு அளக்கும் முன் டாப், லெஃப்ட் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது.

ஓரத்தைத் தாண்டாமல் நிறுத்துவது வெறும் கூட்டல் கழித்தல். இடது எண் 8-க்குக் குறையக் கூடாது, திரை அகலத்தில் பெட்டியின் அகலத்தையும் 8-ஐயும் கழித்தால் வருவதைத் தாண்டக் கூடாது. திரை அகலத்துக்கு 'இன்னர் விட்த்' எடுத்தால் மடிக்கணினியில் ஸ்க்ரோல் பட்டையின் அகலமும் சேர்ந்து வரும், பெட்டியின் ஓரம் பட்டைக்கு அடியில் போகும். டாகுமென்ட் எலிமென்டின் 'கிளையன்ட் விட்த்' எடுத்தால் பட்டை நீங்கிய அகலம் கிடைக்கும். மேலே புரட்டுவதற்கும் அதே மாதிரிக் கணக்குதான். சொல்லின் அடி, நடுவில் 6 பிக்சல் இடைவெளி, பெட்டியின் உயரம் மூன்றும் சேர்ந்து திரையின் அடியைத் தாண்டினால் பெட்டி சொல்லுக்கு மேலே. என் பக்கத்தில் 56 பிக்சல் உயரத் தலைப்பட்டை ஒன்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே மேல் எல்லை பூஜ்யம் ஆகாது, 56.

தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் இதற்குப் பிறகு வந்தன. இவற்றை எந்த ஆங்கிலப் பாடத்திலும் எதிர்பார்க்க முடியாது.

பாடல்களில் சொற்கள் புணர்ந்து நீளமாக வரும். 'கருங்கால்வேங்கைமலர்நிழலில்' என்பது போன்ற ஒன்று பெரிய எழுத்தில் 360 பிக்சல் திரையை மீறிவிடும். அதனால் தேவைப்பட்டால் சொல்லுக்குள்ளும் வரியை உடைக்கலாம் என்று சிஎஸ்எஸ்ஸில் அனுமதி கொடுத்திருந்தேன். அப்படி உடைந்த சொல்லின் முன்பாதி முதல் வரியின் வலது கடைசியில், பின்பாதி அடுத்த வரியின் இடது தொடக்கத்தில். அதன் ரெக்ட்டைக் கேட்டால் இரண்டு பாதியையும் அடக்கிய பெரிய செவ்வகம் வருகிறது, அதாவது பாடலின் முழு அகலம். அதன் நடுவில் அந்தச் சொல்லே இல்லை. பெட்டி சம்பந்தமில்லாத இரண்டு சொற்களுக்கு நடுவே நின்றது. இதற்கென்றே 'கெட் கிளையன்ட் ரெக்ட்ஸ்' என்று பன்மையில் இன்னொன்று இருக்கிறது. வரிக்கு ஒரு செவ்வகமாகப் பட்டியல் தரும். விரல் பட்ட இடத்தின் எண்கள் கிளிக் நிகழ்வோடு வருகின்றன. பட்டியலில் எந்தச் செவ்வகத்துக்குள் விரல் பட்டதோ அதையே சொல்லாக எடுத்துக்கொண்டேன். விசைப்பலகையால் சொல்லுக்கு வந்தால் விரல் இல்லை, அப்போது முதல் செவ்வகம்.

இரண்டாவது, ஒரு சொல்லின் ஒரு பகுதிக்கு மட்டும் பொருள் இருப்பது. 'பசலையுண்ட' என்று பாடலில் வந்தால், 'பசலை' மட்டும் அடிக்கோடு பெற வேண்டும், பெட்டியும் அதற்குக் கீழே வர வேண்டும் என்பது பெரியம்மாவின் விருப்பம். தாளில் 'முதல் 3 எழுத்து' என்று குறித்திருந்தார். ஜாவாஸ்கிரிப்டின் 'ரேஞ்ச்' கொண்டு உரையின் ஒரு துண்டை மட்டும் அளக்கலாம், அதற்கும் இதே ரெக்ட் வசதி உண்டு. ஆனால் நாம் எண்ணும் எழுத்து வேறு, அது எண்ணும் எழுத்து வேறு. 'பசலை' நமக்கு மூன்று எழுத்து. அதற்கு நான்கு, ஏனென்றால் 'லை' என்பதில் ல ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. 3 என்று கொடுத்தால் துண்டு லகரத்தோடு முடிகிறது, அடிக்கோடும் இடம் பிசகுகிறது. 'இன்டில் செக்மென்டர்' என்ற பொருளை கிராஃபீம் (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது) முறையில் அமைத்தால் உயிர்மெய்யை ஒன்றாக எண்ணித் தருகிறது. ஃபயர்ஃபாக்ஸில் இது 2024-இல் 125-ஆம் பதிப்பில்தான் வந்தது, அதனால் சில ஆண்டுகளுக்கு முன்பு செய்திருந்தால் சொந்தமாக எழுத வேண்டியிருந்திருக்கும். பெரியம்மாவின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதை உள்ளே மாற்றிக்கொள்ளும்படி செய்தேன். அவர் எழுத்தை எழுத்தாகவே எண்ணட்டும்.

இதுவரை எல்லாம் நன்றாகப் போனது. பிறகு பாடல்களை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் புரட்டும் வசதியைச் சேர்த்தேன். ஒவ்வொரு பாடலும் டிரான்ஸ்ஃபார்மால் நகரும் ஒரு பலகை. பக்கத்துப் பலகை தெரியாமலிருக்க வெளிச்சட்டத்துக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன், அதாவது சட்டத்தை மீறுவதை வெட்டி மறைப்பது. பெட்டியையும் பலகைக்குள்ளேயே வைத்துப் பார்த்தேன், சட்டத்தின் ஓரத்தில் பெட்டி வெட்டுப்பட்டது. சரி, பொசிஷன் ஃபிக்ஸ்டு கொடுத்தால் சாளரத்தை வைத்துத்தானே நிற்கும் என்று மாற்றினேன். நிற்கவில்லை. மூதாதையில் யாருக்காவது டிரான்ஸ்ஃபார்ம் இருந்தால் ஃபிக்ஸ்டு அந்த மூதாதையை வைத்து எண்ணத் தொடங்கிவிடும். ஃபில்டர், பர்ஸ்பெக்டிவ் ஆகியவற்றுக்கும் இதே விதி. மூன்றாவது பாடலில் தொட்டால் பெட்டி திரைக்கு வெளியே எங்கோ போயிருந்தது.

இதற்கு உண்மையான விடை 'பாப்ஓவர்' பண்பு. பெட்டிக்கு இந்தப் பண்பைக் கொடுத்து 'ஷோ பாப்ஓவர்' என்று அழைத்தால், பக்கத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் மேலான தனி அடுக்கில் அது வரையப்படுகிறது. ஓவர்ஃப்ளோ வெட்டுவதில்லை, இசட் இண்டெக்ஸ் (எது எதற்கு மேலே என்று சொல்லும் எண்) சண்டை இல்லை, மூதாதையின் டிரான்ஸ்ஃபார்ம் அதைத் தொடாது. வெளியே தொட்டாலோ எஸ்கேப் அழுத்தினாலோ தானே மூடிக்கொள்கிறது. அதற்காக எழுதியிருந்த வரிகள் அத்தனையையும் அழித்தேன்.

பாப்ஓவரில் ஒரு பொறி இருக்கிறது. டாப், லெஃப்ட் கொடுத்தும் பெட்டி அங்கே போகாமல், அந்தப் புள்ளிக்கும் திரையின் எதிர் மூலைக்கும் நடுவில் மிதக்கும். பிரவுசர் பாப்ஓவருக்கு இயல்பாகவே நாலு பக்கமும் பூஜ்யம், மார்ஜின் ஆட்டோ என்று வைத்திருப்பதால் மிஞ்சிய இடத்தில் அது நடுவுக்குப் போகிறது. இன்செட்டை (அந்த நாலு பக்க எண்களை) ஆட்டோவாகவும் மார்ஜினைப் பூஜ்யமாகவும் மாற்றினால் சொன்ன இடத்தில் நிற்கும். இன்னொன்று, இயல்பாக அது ஃபிக்ஸ்டு. பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும்போது சொல் நகரும், பெட்டி நிற்கும். ஸ்க்ரோல் நிகழ்வைப் பிடித்து நகர்த்திப் பார்த்தேன். அந்தப் பழைய கைபேசியில் பெட்டி அரை கணம் பின்தங்கி நடுங்கியது. பொசிஷனை அப்சொல்யூட்டாக மாற்றினேன். மேலடுக்கில் இருக்கும் அப்சொல்யூட் பெட்டி பக்கத்தின் உச்சியை வைத்தே எண்ணுகிறது, பாடிக்கு என்ன கொடுத்திருந்தாலும் சரி. ஆகவே ரெக்ட்டோடு ஸ்க்ரோல் எண்ணைக் கூட்டினால் போதும், 8-ம் 21.44-ம் திரும்பி வராது. ஸ்க்ரோல் செய்தால் பெட்டியும் பக்கத்தோடு தானாகவே நகர்கிறது. அதற்காக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

பிறகு பெரியம்மாவின் கைபேசியில் ஒன்று பார்த்தேன். அவர் எப்போதும் இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிப்பார். என் பெட்டி பெரிதாக்காத திரையைக் கணக்கில் வைத்து நின்றதால், அவர் பார்க்கும் பகுதிக்கு வெளியே பாதி போய்விட்டது. அவருக்காகவே செய்த பக்கம் அவருக்கு உதவாமல் இருக்கக் கூடாது. 'விஷுவல் வியூபோர்ட்' என்ற பொருள் இப்போது உண்மையில் கண்ணுக்குத் தெரியும் பகுதியின் இடம், அகலம், உயரம் மூன்றையும் தருகிறது. இரண்டு மடங்கு பெரிதாக்கினால் 360 பிக்சல் திரையில் அதன் அகலம் 180. பெட்டியின் அதிகபட்ச அகலத்தை 280, அல்லது தெரியும் அகலத்தில் 16 குறைத்தது, இவற்றில் எது சிறியதோ அது என்று வைத்தேன். அப்போது பெட்டி 164 பிக்சலுக்குள் மடிந்து, முழுதாகத் தெரிகிறது. ஓரக் கணக்கில் பூஜ்யம், திரை அகலம் என்று வைத்திருந்த இடங்களிலும் இந்தப் பொருளின் எண்களை மாற்றினேன். கைபேசிக்குப் பக்கம் செய்கிறவர்கள் முதல் நாளிலேயே இதைச் சோதித்துவிட வேண்டும் என்பேன். பெரிதாக்கிப் படிப்பவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

அகலமான திரையில் பெட்டிக்குப் பதிலாகப் பாடலுக்கு வலப்பக்கம் 240 பிக்சல் பத்தியில் எல்லாப் பொருளும், அந்தந்த வரிக்கு நேராக, அச்சுப் புத்தகத்தின் ஓரக் குறிப்பு மாதிரி. 1,100 பிக்சலுக்கு மேல் இருந்தால் இந்த ஏற்பாடு. கணக்கு எளிது. ஒவ்வொரு குறிப்புக்கும் விரும்பும் உயரம், சொல்லின் மேல் எண்ணில் பத்தியின் மேல் எண்ணைக் கழித்தது. மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, முந்தைய குறிப்பின் அடியோடு 12 பிக்சல் கூட்டி, இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்வது. இதனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது.

ஆனால் தொண்ணூறு குறிப்புகள் உள்ள நீண்ட பக்கத்தில் திறக்கும்போது திரை உறைந்தது. குரோமின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்துப் பதிவு செய்தால் பக்கத்தை அடுக்கும் வேலையைக் காட்டும் ஊதாக் கட்டைகள் வரிசையாக நின்றன, மொத்தம் 200 மில்லி நொடிக்கு மேல். ஒரு குறிப்பை அளக்கிறேன், நகர்த்துகிறேன், அடுத்ததை அளக்கிறேன். நகர்த்திய பின் அளவு கேட்டால் பிரவுசர் பக்கம் முழுவதையும் மறுபடி அடுக்கிப் பார்த்துத்தான் பதில் சொல்லும். தொண்ணூறு முறையும் அப்படியே. முதலில் எல்லாவற்றையும் அளந்து ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் நகர்த்தும்படி சுழலை இரண்டாகப் பிரித்தேன். அதே பதிவில் 20 மில்லி நொடிக்குள் வந்துவிட்டது. நகர்த்துவதையும் டாப்பில் செய்யாமல் டிரான்ஸ்ஃபார்மின் டிரான்ஸ்லேட்டில் செய்தேன். அதில் பின்ன எண் வந்தால் சில திரைகளில் எழுத்து மங்கலாகிறது, ஆகவே திரையின் பிக்சல் விகிதத்தால் பெருக்கி, முழுமையாக்கி, மீண்டும் வகுத்துக்கொள்கிறேன்.

அப்படியும் பக்கம் முதல்முறை திறக்கும்போது குறிப்புகள் ஒரு வரி தள்ளி நின்றன. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு வந்துசேரும் முன்பே நான் அளந்ததுதான் காரணம். இயல்பு எழுத்துருவில் ஒரு வரியில் அடங்கிய அடி, புதிய எழுத்துருவில் இரண்டு வரியானது. 'டாகுமென்ட் ஃபான்ட்ஸ் ரெடி' முடிந்த பிறகு அளந்தால் சரியாகிறது. சாளரத்தின் அளவு மாறும்போது மீண்டும் கணக்கிட ரிசைஸ் அப்சர்வர் (ஓர் எலிமென்டின் அளவு மாறினால் சொல்லும் வசதி) வைத்தேன். அதைக் குறிப்புப் பத்தியின் மேல் வைக்காமல் பாடலின் மேல் வைத்தேன். பத்தியின் உயரத்தை நானே மாற்றுவதால், அதைக் கவனித்தால் முடிவில்லாமல் சுற்றும்.

குறிப்புகள் நெருங்கி வரும் பாடலில் கடைசிக் குறிப்பு தன் சொல்லைவிட்டு வெகு கீழே தள்ளப்படுகிறது. மேலும் கீழுமாகப் பங்கிட்டுப் பார்த்தேன், எந்தக் குறிப்பும் தன் வரிக்கு நேராக இல்லாமல் போனது. இப்போதைக்கு நீண்ட குறிப்புகளை இரண்டு வரியில் மடித்து, தொட்டால் விரியும்படி வைத்திருக்கிறேன். பாதித் தீர்வுதான்.

மறுபடி தொடங்கினால் பெட்டி வரைக்கும் சிஎஸ்எஸ்ஸின் ஆங்கர் பொசிஷனிங்கில் தொடங்குவேன். சொல்லுக்கு ஒரு நங்கூரப் பெயர், பெட்டிக்கு 'அதன் கீழே நில், இடமில்லையென்றால் புரட்டு' என்று இரண்டு வரி. அளப்பதும் கழிப்பதும் பிரவுசரின் வேலையாகிவிடும். குரோமில் 2024-இல் 125-ஆம் பதிப்பில் வந்தது, சஃபாரியில் 2025-இல் 26-ஆம் பதிப்பில். சோதனைக்காக ஒரு பாடலில் போட்டுப் பார்த்தேன், முழுச் சொற்களுக்கு அருமையாக நிற்கிறது. இரண்டு வரியில் உடைந்த சொல்லுக்கு அதுவும் இரண்டையும் அடக்கிய செவ்வகத்தையே எடுத்துக்கொள்கிறது, ஆகவே நீண்ட சொற்களுக்கு என் ஜாவாஸ்கிரிப்ட் கணக்கு இருக்கத்தான் வேண்டும். பழைய கைபேசிகளுக்கும் அதுவே. ஓரக் குறிப்புகள் ஒன்றையொன்று தள்ளும் கணக்கும் ஜாவாஸ்கிரிப்டில்தான் இருக்கும்.

கணக்கையே தானே பார்த்துக்கொள்ளும் ஃப்ளோட்டிங் யூஐ போன்ற நூலகங்கள் இருக்கின்றன. வேலைக்கு அவசரம் என்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஓரம், புரட்டல், உடைந்த வரி எல்லாம் அதில் உண்டு. நான் எழுதியது 140 வரி. பெரியம்மா அனுப்பியிருக்கும் அடுத்த தாளில் ஒரே சொல்லுக்கு இரு உரையாசிரியர் சொன்ன இரண்டு பொருள் இருக்கிறது. இரண்டையும் பக்கம் பக்கமாகக் காட்ட 280 பிக்சல் போதாது, 360 திரையில் அதற்கு மேல் இடமும் இல்லை. மேலொன்று கீழொன்றாக, சொல்லை நடுவில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.